கிறிஸ்துமஸ் கைவேலைக்கு அளவும் வயதும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் தமிழ் நாளிதழ்களின் சிறுவர் பக்கங்களில் நட்சத்திரம், குடில், வாழ்த்து அட்டை என்று வண்ணப் படங்கள் வரத் தொடங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை சென்டிமீட்டர், என்ன தாள், எந்த வயதுப் பிள்ளைக்கு, காய எவ்வளவு நேரம் என்ற நான்கில் ஒன்றுகூடப் படத்தின் கீழே இருப்பதில்லை. அதனால் பிள்ளை தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளையின் கை அதில் படவே இல்லை. அளவும் வயதும் நேரமும் எழுதியிருந்தால் மூன்று வயதுக் கையும் ஏழு வயதுக் கையும் தாமே செய்து முடிக்கிற வேலைதான் இவை. எப்படி எழுதலாம் என்பதற்கு மாதிரியாகவே, பெங்களூரின் டிசம்பருக்கும் இங்குள்ள வீடுகளுக்கும் பொருந்துகிற விதத்தில், இந்தக் கடிதத்தை நீளமாக எழுதுகிறோம்.

முதலில் நாள் கணக்கு. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் நவம்பர் 27-லிருந்து டிசம்பர் 3-க்குள் வரும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் கிடைக்கும். எதை முதலில் செய்வது என்பதைக் காய்கிற நேரம்தான் தீர்மானிக்க வேண்டும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் சென்னையில் மழை கொட்டும்; பெங்களூரில் வெயிலே தெரியாமல் மூன்று நான்கு நாள் தூறிக்கொண்டிருக்கும். மற்ற மாதத்தில் ஒரு மணி நேரத்தில் காய்கிற பசை அப்போது ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும். ஆகவே காய வேண்டாத தாள் சங்கிலியும் நட்சத்திரத்துக்கான குழல்களும் முதல் ஞாயிறு. ஐந்து நாள் காய வேண்டிய மாவு, களிமண் வேலைகள் இரண்டாவது ஞாயிறு. நட்சத்திரத்துக்குத் தாள் ஒட்டுவதும் வாழ்த்து அட்டையும் மூன்றாவது. நான்காவது ஞாயிறு குடிலைக் கூட்டி வைப்பதற்கு மட்டும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

ஒரு நாளைக்கு மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம், ஐந்து வயதுக்கு இருபது, ஏழு வயதுக்கு அரை மணி. அதற்கு மேல் இழுத்தால் வேலையும் கெடும், பிள்ளையும் அழும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. சாப்பிட்டபின் கை சோர்ந்துவிடும்.

எந்தக் கைக்கு எந்த வேலை? இரண்டு வயதுப் பிள்ளை தாளைக் கிழிக்கும். கிழித்த துண்டுகளை ஒட்டும். மூன்று வயதில் கத்தரிக்கோலால் ஓரத்தில் சின்னச் சின்னதாக நறுக்க வரும். நேர்க்கோட்டில் வெட்ட நான்கு வயதாக வேண்டும். வளைவு ஐந்து, ஆறு வயதில்தான். இதை மாற்றி மூன்று வயதுப் பிள்ளையிடம் வட்டம் வெட்டச் சொன்னால், கடைசியில் வெட்டுவது பெரியவராகத்தான் இருக்கும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் வேண்டும், ஆனால் வாய் மழுங்கியதாக இருக்கக் கூடாது. வெட்டாத கத்தரிக்கோலை அழுத்தி அழுத்தித்தான் தாள் நடுவில் மடங்கிச் சிக்குகிறது. வளைவில் கத்தரிக்கோலைத் திருப்பாமல் இடது கையில் உள்ள தாளைத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோலே வாங்க வேண்டும். வலதுகைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், இரண்டு அலகும் விலகித் தாளை மெல்லும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு கருவியில் இருக்கிறது.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். 1 டம்ளர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி மைதா. மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் சுட்டதும் அதில் ஊற்றி, சிறு தீயில் நான்கு நிமிடம் கிளற வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகும்போது இறக்கிவிடலாம். சுடுதண்ணீரில் நேராக மைதாவைப் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். பிறகு வடிகட்டியும் பயனில்லை. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க இந்தப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது. சேர்க்காத பசை ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மெல்லிய தாளுக்கு ஃபெவிகாலைவிட மைதா பசை நல்லது. ஒட்டியபின் ஒரு நிமிடம் வரை நகர்த்திச் சரிசெய்ய விடும், சிறு கைகளுக்கு அந்த அவகாசம் வேண்டும். மரம், களிமண் என்றால் ஃபெவிகால்.

இனி நட்சத்திரம். சிவாஜிநகரில் கடைக்குக் கடை தொங்கும் மடக்கு நட்சத்திரத்தை நூலைப் பிடித்து இழுத்தால் வேலை முடிந்தது. வீட்டில் செய்வது என்றால் மூங்கில் பட்டை வேண்டும், அதைச் சீவக் கத்தி வேண்டும் என்று தயங்குகிறார்கள். பேம்பூ பஜார் பக்கம் மூங்கில் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் மூங்கில் சிலாம்பு பிள்ளையின் விரலில் ஏறினால் அந்த டிசம்பர் அதோடு முடிந்தது. உங்கள் நாளிதழின் தாளே போதும். பெரிய அளவு நாளிதழின் ஒற்றைப் பக்கம் மூலைக்கு மூலை ஏறத்தாழ 60 செ.மீ. இருக்கும். ஒரு மூலையில் புதிய தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கை வைத்து, எதிர்மூலையை நோக்கி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். முதல் இரண்டு சுற்றைப் பெரியவர் சுருட்டிக் கொடுத்தால் மீதியை ஐந்து வயதுப் பிள்ளை உள்ளங்கையால் உருட்டிவிடும். கடைசி மூலையில் பசை தடவி ஒட்டி, ஈர்க்கை உருவிவிடுங்கள். சுருள் தளர்ந்தால் குழல் நடுவில் மடியும். அதைப் பிரித்து மறுபடி சுருட்டுவதே நல்லது. குழலின் இரு முனையிலும் தாள் ஒரே சுற்றுதான் இருக்கும் என்பதால் அங்கே பலமிருக்காது. இருபுறமும் வெட்டி, நடுவிலுள்ள 50 செ.மீ. மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்துக் குழல் வேண்டும். பத்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அரை செ.மீ. வித்தியாசம் வந்தாலும் நட்சத்திரம் சாயும். அச்சு மை கையில் ஒட்டும். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும்.

ஒவ்வொரு குழலிலும் ஒரு முனையிலிருந்து 19 செ.மீ.-இல் ஒரு கோடு, 31 செ.மீ.-இல் ஒரு கோடு போடுங்கள். ஐந்து முனை நட்சத்திரத்தில் குழல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இவைதாம். முனையிலிருந்து முதல் கோடு வரை 19, நடுவில் 12, பிறகு மறுபடியும் 19. நட்சத்திரம் எத்தனை பெரிதானாலும் குழல் நீளத்தை 0.38-ஆல் பெருக்கினால் முதல் கோட்டின் இடம் கிடைத்துவிடும். இந்த ஒரு எண் தெரியாததால்தான் எத்தனையோ வீடுகளில் ஒரு கை நீண்டும் ஒரு கை குட்டையாகவும் நட்சத்திரம் தொங்குகிறது.

கட்டும் முறையைப் பிள்ளைக்குச் சொல்வது எளிது. பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் நட்சத்திரம் போடுவோமே, அதே வரிசையில் தரையில் ஐந்து குழலையும் வையுங்கள். ஒரு குழல் அடுத்ததன் மேலே போனால் அதற்கடுத்ததன் கீழே போக வேண்டும். பாய் முடைவது போலத்தான். ஐந்து முனைகளையும் நூலால் தளர்வாகக் கட்டிவிட்டு, கோடும் கோடும் சேர்கிற மாதிரி நகர்த்தி, ஐந்து குறுக்குகளையும் கட்டிய பிறகே முனைகளை இறுக்க வேண்டும். பலரும் முனைகளை முதலிலேயே இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் எதுவும் நகராது. இதே போல இரண்டாவது சட்டம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உட்புறக் குறுக்குகள் ஐந்திலும் இரு சட்டத்துக்கும் இடையில் 8 செ.மீ. நீளக் குழல் துண்டை நெட்டாக நிறுத்தினால் நட்சத்திரம் உப்பி எழும். துண்டு 8-க்கு மேல் நீண்டால் முனைகள் முறியும்.

மேலே ஒட்டக் காற்றாடித் தாள். அவென்யூ ரோடு தாள் கடைகளில் தேடலாம். முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடுவில் ஓர் ஐங்கோணம், பின்பக்கம் ஐந்து முக்கோணம் மட்டும், ஓரங்களுக்குப் பத்து ஒல்லி முக்கோணம். ஆக 21 துண்டு. பெரிய முக்கோணத்துக்குப் பக்கங்கள் 19, 19, 12 செ.மீ.; ஒல்லி முக்கோணத்துக்கு 19, 19, 8; ஐங்கோணத்தின் பக்கம் 12. இந்த மூன்றையும் பழைய அட்டையில் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. கூட வைத்து வெட்டிக் கொடுத்தால், பிள்ளை அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளும். எல்லாம் நேர்வெட்டு, நான்கு வயதுக்கே வரும். பசையைத் தாளில் தடவாமல் குழலில் தடவுங்கள். ஈரத்தில் தாள் தொய்யும். அதைப் பார்த்துப் பதறி இழுத்தால் கிழியும். விட்டுவிட்டால் காய்ந்து தானே இறுகும். பின்பக்க ஐங்கோண இடத்தைத் தாள் ஒட்டாமல் விடுங்கள், விளக்கு வைக்கவும் காற்றுப் போகவும் அதுதான் வழி.

விளக்கு அரை வாட் எல்இடி போதும். பழைய குண்டு பல்பு வேண்டாம். 15 வாட் என்றாலும் அதன் சூட்டில் தாள் பழுப்பாகிக் கருகும். ஹோல்டரையும் ஒயரையும் பெரியவர்தான் தொட வேண்டும். பால்கனியில் தூறல் படாத சன்ஷேடுக்குக் கீழே மாட்டி, படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மைதா ஒட்டிய நட்சத்திரத்தைப் பரணில் வைத்தால் கரப்பான் தின்னும். பண்டிகை முடிந்ததும் நூலைப் பிரித்துக் காகிதக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வருடம் புதிதாகச் செய்வதுதான் சரி.

நட்சத்திரம் செய்வதும் ஒரு கணக்குப் பாடம்தான். ஜெர்மனியில் மொராவியத் திருச்சபையாரின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் 1830-களில் வடிவியல் பயிற்சியாகத்தான் பலமுனை நட்சத்திரத்தைப் பிள்ளைகளைச் செய்ய வைத்தார்கள். இன்று உலகமெங்கும் மொராவிய நட்சத்திரம் என்று தொங்குவது அந்த வகுப்பிலிருந்து வந்தது.

நாள் எண்ணும் தாள் சங்கிலிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 தாளைக் குறுக்கே 2.7 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 11 பட்டை கிடைக்கும். 24 வளையத்துக்கு மூன்று தாள் வேண்டும். ஒன்றரை செ.மீ. மேலேறும்படி ஒட்டினால் வளையம் 6 செ.மீ. அகலம், சங்கிலி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். டிசம்பர் 1 முதல் தினம் ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் நடத்திய விகெர்ன் என்ற போதகர் 1839-இல், கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று கேட்ட பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். வாரநாட்களுக்குச் சிறியது, ஞாயிறுகளுக்குப் பெரியது நான்கு. அந்த எண்ணிக்கையைத் தீயில்லாமல் செய்வதுதான் இந்தச் சங்கிலி.

தமிழ் வீடுகளுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் படிக்க வராது. ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் ஒரு வரி தமிழில் எழுதிவிடுங்கள். "இன்று பாட்டிக்குப் போன் பண்ணு", "இரண்டு பழைய பொம்மையை எடுத்து வை", "குடில் மாட்டுக்குப் புல் விதைக்கிற நாள்". அன்றைக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும். எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருக்கட்டும். கூட்டெழுத்து, கிறுக்கெழுத்து வேண்டாம்.

வாழ்த்து அட்டைக்கும் நம் கோலத்திலேயே வழி இருக்கிறது. வெட்டுத்தாளில் பனிப்பூ செய்யச் சொல்லிப் படம் வருகிறது. பனியைப் பார்க்காத பிள்ளைக்கு ஆறு மடிப்பு பிடிபடுவதில்லை, நான்காகவும் எட்டாகவும் மடித்துவிடுகிறது. அதற்குப் பதில் 5-லிருந்து 3 வரை இடுக்குப்புள்ளி வையுங்கள். மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று 19 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ., வரிசைக்கு வரிசை 1.7 செ.மீ. ஓரத்தில் அறுகோணத்தின் ஆறு மூலைப் புள்ளிகளில் மட்டும் பெரியவர் கோணி ஊசியால் துளை போட வேண்டும். மூலைகளுக்கு 1 முதல் 6 வரை எண் எழுதி, கம்பளி நூலை 1-இல் மேலே எடுத்து 3-இல் இறக்கி, 5-இல் எடுத்து 1-இல் இறக்கி, 3-இல் எடுத்து 5-இல் இறக்கினால் ஒரு முக்கோணம். அதே முறையில் 2, 4, 6-க்கு வேறு நிறம். ஆறுமுனை நட்சத்திரம் வந்துவிடும். ஒரு முக்கோணத்துக்கு 45 செ.மீ. நூல் போதும், அதற்கு மேல் நீளமானால் சிறு கையில் முடிச்சு விழும். மழுங்கிய கம்பளி ஊசி, ஐந்து வயது. அட்டை மெல்லியதாக இருந்தால் துளை கிழியும். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மரத்தில் தொங்கவிடும் மாவுப் பொம்மை. 2 கப் மைதா, 1 கப் பொடியுப்பு, முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை தண்ணீர், பத்து நிமிடம் பிசைய வேண்டும். கல்லுப்பு போட்டால் கரையாமல் நின்று மேலே குழி குழியாகத் தெரியும். 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே ஸ்டிராவால் துளை போட்டு, கம்பித் தட்டில் வைத்துத் தினம் இரண்டு முறை திருப்பிப்போட வேண்டும். திருப்பாவிட்டால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து அப்பளம் போல வளையும். ஐந்து நாளாகும். ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். சூட்டைக் கூட்டினால் பூரி மாதிரி உப்பும். வெள்ளையாக வேண்டுமென்றால் 1 கப் கார்ன்ஃப்ளோர், 2 கப் சமையல் சோடா, ஒன்றேகால் கப் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்குக் கிளறி, ஆறியபின் பயன்படுத்தலாம். கார்ன்ஃப்ளோர் வகை ஓரங்களில் மெல்லிய விரிசல் விடும். ஈரத்துணி மூடி வைத்து வேலை செய்தால் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே வாரத்தில்தான் வீடுகளில் குல்குல் என்ற பொரித்த இனிப்புக்கும் மாவு பிசைகிறோம். முள்கரண்டியின் பின்புறத்திலோ புதுச் சீப்பிலோ மாவை அழுத்தி உருட்டுகிற வேலையைப் பிள்ளைகள்தான் செய்வார்கள், செய்யவும் வேண்டும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் பெரியவர்கள். ஆனால் குல்குல் மாவும் உப்பு மாவும் பார்க்க ஒன்றே போல வெள்ளை. பச்சை மாவைத் தின்று பழகிய பிள்ளை உப்பு மாவையும் ஒரு உருண்டை விழுங்கிவிடும். அவ்வளவு உப்பு சிறு உடம்புக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைக்காதீர்கள். உப்பு மாவுக்குத் தண்ணீரில் பாதியைக் கெட்டி டிகாஷனாக ஊற்றிப் பிசைந்தால் பழுப்பாகிவிடும், குழப்பமே வராது. மரத்தில் தொங்கும்போதும் அந்த நிறம் நன்றாகவே இருக்கும்.

ஆரஞ்சு வட்டங்களைக் காயவைத்துத் தொங்கவிடும் படமும் இப்போது நிறைய வருகிறது. தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சில் செய்தால் சுளை சுளையாகக் கழன்றுவிடும். சாத்துக்குடிதான் சரி. 5 மி.மீ. வட்டமாக நறுக்கி ஓவனில் 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம். பெங்களூர் டிசம்பர் வெயிலை நம்பினால் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

குடிலுக்கு வருவோம். இத்தாலியின் கிரெச்சோவில் 1223-இல் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியும், மாடும் கழுதையும்தான். மின்னும் காகிதமும் பஞ்சுப் பனியும் பிறகு வந்து சேர்ந்தவை. பிள்ளைகளுக்குப் பச்சைப் புல் போதும், அதையும் அவர்களே வளர்க்கலாம். இந்த ஊரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் முழுக் கேழ்வரகு ஒரு கைப்பிடி, 30-க்கு 20 செ.மீ. தட்டுக்குப் போதும். ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டிவைத்து, அடியில் துளையிட்ட தட்டில் 2 செ.மீ. தென்னை நார்த்தூள் பரப்பி அதன்மேல் நெருக்கமாக ஒரே அடுக்காகத் தூவ வேண்டும். இரண்டு நாள் ஈரத்துணி மூடி, முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். டிசம்பர் 12-இல் விதைத்தால் 24-க்குக் குடிலில் வைக்கும் உயரத்துக்கு வந்துவிடும். இங்கே இரவுக் குளிரில் முளைப்பு மெதுவாகவே இருக்கும், அதனால் இதைவிடத் தாமதிக்காதீர்கள். தாமதமாகிவிட்டால் கடுகு கைகொடுக்கும், எட்டு நாளில் தயார். கோதுமை வேண்டாம், ஆட்டுப் பொம்மைகளை மறைக்கும் அளவுக்கு ஓங்கிவிடும். தண்ணீரை ஊற்றாமல் காலை மாலை கையால் தெளிக்கச் சொல்லுங்கள். தேங்கினால் நாற்றமெடுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் மஞ்சளாகிச் சாயும். பால்கனியில் வலை இல்லையென்றால் ஒரு சல்லடையைக் கவிழ்த்து வையுங்கள், புறா விடாது.

பொம்மைகளுக்குக் களிமண். பாட்டரி டவுனில் குயவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிசைந்த மண் பொடி மண்ணைவிட நல்லது. எலுமிச்சை அளவு உருண்டையை ஒரு பக்கம் மட்டும் உருட்டினால் 8 செ.மீ. உயரக் கூம்பு வரும்; அதுதான் உடம்பு. கோலிக்குண்டு அளவில் தலை. கழுத்தில் 2 செ.மீ. ஈர்க்குத் துண்டைச் செருகி, சேரும் இடத்தில் கோடு கிழித்துக் களிமண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். குழம்பு தடவாமல் ஒட்டிய தலை காய்ந்ததும் உருண்டு விழும். கையைத் தனியாகச் செய்து ஒட்டாதீர்கள். மெல்லிய கை முந்திக் காயும், தடித்த உடம்பு பிந்திக் காயும், அதனால்தான் விரிசல். ஈர மண்ணில் ஈர்க்கு நுனியால் கையும் முகமும் கீறிவிட்டால் போதும், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வரும். நிழலில் ஐந்து நாள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். சுட வேண்டியதில்லை. வானதூதருக்கு, சுட்ட சோளம் விற்கிற வண்டியில் கேட்டால் கதிரை மூடியிருக்கும் மேல்மட்டையைச் சும்மாவே தருவார்கள். மூன்று நாள் உலர்த்தி, செய்யும்போது பத்து நிமிடம் ஊறவைத்தால் தாள் போல மடங்கும்.

வாங்கக் கூடாதவற்றையும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் 'தெர்மாகோல் ஷீட் கொண்டு வரவும்' என்று பள்ளிக் குறிப்புகள் இன்னும் வருகின்றன. ஜிகினாத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கண்ணில் பட்டால் உறுத்தும், தண்ணீரோடு போனால் மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையை நிறுத்தியது. சூட்டுப் பசைத் துப்பாக்கி பிள்ளை கையில் வேண்டவே வேண்டாம். அந்தப் பசை தோலில் ஒட்டிக்கொண்டே சுடும், துடைக்கவும் முடியாது.

எல்லாவற்றிலும் மோசமானது பொத்தான் பேட்டரி. எல்இடி மெழுகுவர்த்தியிலும் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் அதுதான் இருக்கிறது. 20 மி.மீ. வட்ட பேட்டரி சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடும். ஸ்குரு போட்டு மூடிய வகை அல்லாத எதையும் வாங்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் மணி, பட்டன், முத்து எதுவானாலும், டாய்லெட் தாள் சுருளின் உள்ளட்டைக் குழாய்க்குள் நுழைந்தால் அது தொண்டைக்குள்ளும் நுழையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை குறிப்பு அனுப்பித் திங்கட்கிழமை குடில் கேட்காதீர்கள். இரண்டு நாளில் காய்கிற களிமண் கிடையாது. அப்படிக் கேட்டால் கடைச் சரக்குதான் வரும். வகுப்பிலேயே ஒரு பாடவேளையில் குழல் சுருட்ட வைக்கலாம், அடுத்த வாரம் கட்ட வைக்கலாம். போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதாக இருந்தால், பிள்ளை அங்கேயே உட்கார்ந்து செய்ததற்கு மட்டும் கொடுங்கள். கோணலாக வந்த நட்சத்திரம் பின்வரிசைக்குப் போகிற வரைக்கும் பெற்றோர் இரவில் விழித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சிறியது. நவம்பர் கடைசி வாரச் சிறுவர் பக்கத்தில் படம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. பக்கத்தின் நெட்டு ஓரத்தில் மேலிருந்து கீழாக 50 செ.மீ. அளவுகோல் ஒன்றை அச்சிடுங்கள். 19-இலும் 31-இலும் மட்டும் தடித்த கோடு இருக்கட்டும். முக்கோணம் இரண்டு, ஐங்கோணம் ஒன்று என்ற மூன்று அச்சுகளையும் பசை ஓரத்தோடு உண்மை அளவிலேயே போடுங்கள். பின்னணிக்கு அடர் வண்ணம் வேண்டாம். மை அதிகமானால் கையெல்லாம் கருப்பாகும். அளவெடுத்து முடித்ததும் அந்தப் பக்கத்தையே மூலையில் ஈர்க்கு வைத்துச் சுருட்டினால் பத்தாவது குழலாகிவிடும்.

இப்படிக்கு,
சிறுவர் கைவேலை கற்பிக்கும் ஆசிரியைகள்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.